நரியச் சுடணும்னா மொதல்ல தூரத்த அளங்க

நரிய அடிக்க எந்தத் துப்பாக்கி நல்லது, எந்தத் தோட்டா நல்லதுன்னு தங்கச்சி மகன் வாட்ஸ்அப்ல கேட்டான். ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரில படிச்சு முடிச்சுட்டு மேல்படிப்புக்கு பிரிட்டன் போயிருக்கான், லீவு நாள்ல வேல்ஸ் பக்கம் ஒரு செம்மறிப் பண்ணைல கூடமாட வேலைக்கு நிக்கான். அங்க குட்டி போடுற பருவத்துல நரி வந்து பிறந்த குட்டியத் தூக்கிட்டுப் போவுதாம், பண்ணைக்காரர் இந்த வருஷம் துப்பாக்கி எடுக்கதுன்னு முடிவு பண்ணிட்டாரு, அவர் பீரோவுல ரெண்டு மூணு துப்பாக்கியும் விதவிதமா தோட்டாவும் கெடக்கு. "மாமா, தாத்தா பன்னெண்டு போர் துப்பாக்கி வச்சிருந்தாவல்லா, உங்களுக்குத் தெரியும், எத எடுத்தா அது துடிக்காம சாவும்?"னு கேட்டான்.

துடிக்காம சாவணும்னு அவனே கேட்டதுல எனக்கு ரொம்ப சந்தோசம். நெறையப் பேரு கேக்கது எது தூரமா அடிக்கும், எது பலமா அடிக்கும்னுதான். அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டு போட்டு நீண்டு போச்சு, அதான் மொத்தத்தையும் இங்க எழுதிருதேன்.

அதுக்கு முன்னாடி நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு ஒண்ணு. நான் இங்க எழுதுறது அந்த நாட்டுச் சங்கதி. நம்ம ஊர்ல, அது மானூரா இருக்கட்டும் சங்கரன்கோவிலா இருக்கட்டும் நாங்குநேரி திசையன்விளையா இருக்கட்டும், நரியையும் குள்ளநரியையும் தொடக்கூடாது, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல ரெண்டுமே பாதுகாக்கப்பட்ட விலங்கு. பயிர்ப் பாதுகாப்பு லைசன்ஸ்ல வீட்ல துப்பாக்கி இருக்குங்கறதுக்காக காட்டு விலங்கச் சுட அனுமதி இருக்குன்னு அர்த்தம் கெடையாது, இத ரொம்பப் பேரு இன்னும் தப்பா நெனச்சுக்கிட்டு இருக்காவ. சுடுறது மட்டும் வேட்டைன்னு இல்ல, கண்ணி வைக்கது, விஷம் வைக்கது, அவுட்டுக்காய்ங்கற வெடி வைக்கது எல்லாமே அந்தச் சட்டத்துல வேட்டைதான். காட்டுப்பன்னிக்கு 2025ல அரசாங்கம் ஒரு ஏற்பாடு அறிவிச்சுது, அதுலயும் காட்டுலருந்து தள்ளி வந்த பன்னிய வனத்துறை ஆளுங்கதான் சுடணும், நம்ம கைல துப்பாக்கியக் குடுத்துப் போய்ச் சுடுன்னு சொல்லல.

அதோட நம்ம பக்கத்துக் குள்ளநரி ரெண்டு மூணு கிலோ எடை உள்ள சின்னப் பிராணி. எலி, வெட்டுக்கிளி, கரையான், ஓணான், இலந்தப்பழம், இதுதான் அதுக்குச் சாப்பாடு. அது கன்னி ரக ஆட்டுக் கெடாவ அடிச்சிட்டுன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன். பெரிய நரி வேணும்னா குட்டியத் தூக்கும், ஆனா கெடையில விடிஞ்சு பாத்தா நாலு ஆடு பின்னந்தொடையும் வாலும் கிழிஞ்சு திங்காமலே கெடக்குன்னா அது பெரும்பாலும் ஊர்நாய் வேலை. நரிப்பல்லு நரிக்கொம்புன்னு விக்கதுக்காகவும் இந்தப் பாவப்பட்ட சீவன அடிச்சுத் தீத்தாச்சு. மயிலு பெருகிப் போச்சு, முட்டையத் திங்க நரி இல்லன்னு எங்க ஊர்ப் பெரியவங்க இப்ப சொல்லுதாவ, அவங்க சொல்லுததுல விஷயம் இருக்குன்னுதான் எனக்கும் தோணுது.

சரி, வேல்ஸுக்கு வருவோம். அங்க இருக்கது செந்நரி, கடுவன் ஆறேழு கிலோ வரும், பொட்டை கொஞ்சம் கம்மி. குளிர் காலத்துல ரோமம் திக்கா இருக்கதால பாக்கதுக்கு ரொம்பப் பெருசாத் தெரியும், உள்ள உடம்பு சின்னதுதான், இத மனசுல வச்சுக்கிடணும், ஏன்னா அந்த ரோமத்தப் பாத்துச் சுட்டா ரவை, அதான் தோட்டாவுக்குள்ள இருக்க சின்னக் குண்டு, பாதி வயித்துக்குக் கீழ காத்துலதான் போவும். அந்த நாட்டுல நரிய நாய விட்டு வெரட்டிக் கொல்லுற வேட்டைய 2004ம் வருஷச் சட்டத்துல இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் தடை பண்ணிட்டாங்க. விஷம் வைக்கதும் குத்தம். கண்ணி வைக்கத வேல்ஸ்ல 2023ல போட்ட விவசாயச் சட்டத்துல முழுசாவே நிறுத்தியாச்சு. அப்ப ஒரு பண்ணைக்காரருக்கு மிச்சம் இருக்கது கூண்டும் துப்பாக்கியும்தான். அவரு நெலத்துல நரியச் சுட சட்டம் தடுக்கல, ஆனா காட்டு விலங்க அநாவசியமா வதைக்கக்கூடாதுன்னு 1996லயே தனிச் சட்டம் இருக்கு. ஆக சுடலாம், வதைக்கக்கூடாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கது துப்பாக்கி பிடிச்சவனோட நிதானம்தான்.

ஒத்தக் குண்டு போடுற ரைபிளா, ரவையா விரிச்சு அடிக்கிற ஷாட்கன்னான்னும் கேட்டான். நூறு கஜம், நூத்தம்பது கஜம் தள்ளி நிக்க நரிக்கு ரைபிள்தான், அதுல பேச்சே இல்ல, .223, .243 மாதிரி ரைபிள அங்க நரிக்குன்னே வச்சிருக்காவ. ஆனா அதுக்கு லைசன்ஸ் வேற, பின்னாடி மண்மேடு இல்லாத எடத்துல சுடவே கூடாது, அந்தப் பண்ணைல வீடும் ரோடும் பக்கத்துல இருக்குங்கான். ஷாட்கன்னுக்கு வேலை எங்கன்னா, கிட்டக்க வர நரிக்கு. கோழிக்கூட்டப் பக்கத்துல காத்து நிக்கும்போது, புதர்லருந்து வெளிய ஓடி வரும்போது, முயல் கத்துற சத்தம் குடுத்துக் கூப்ட்டு வரவைக்கும்போது. அந்த எடத்துல ஷாட்கன் சரியான கருவி, ஆனா அதோட எல்லை ரொம்பச் சின்னது. நான் அவனுக்குச் சொன்ன எல்லை 30 கஜம். மீட்டர்ல 27 சொச்சம். அதுக்கு மேல நரி எவ்வளவு அழகா வாகா நின்னாலும் துப்பாக்கிய எறக்கிரணும்.

ஏன் 30ன்னு கேக்காமலே ஒத்துக்கிடக்கூடாது, அதுக்குக் கணக்கு இருக்கு. ஷாட்கன் தோட்டாவுக்குள்ள ஒரு குண்டு இல்ல, நெறைய ரவை இருக்கு, வாயிலருந்து வெளிய வந்ததும் பன்னீர் தெளிச்சாப்ல விரிஞ்சுக்கிட்டே போவும். கிட்டக்க அடர்த்தியா விழும், தூரம் போகப் போக எடைவெளி கூடிரும். நரி சட்டுனு சாவணும்னா தலை, கழுத்து, நெஞ்சு இந்த மூணு எடத்துல மூணு நாலு ரவையாவது ஆழமா எறங்கணும். பக்கவாட்டுல நிக்க நரிக்கு இந்த எடமெல்லாம் சேத்துப் பாத்தா ரெண்டு உள்ளங்கை அகலம், சுமாரா 50 சதுர அங்குலம்னு வச்சுக்கிடுவோம். துப்பாக்கிக்காரங்க கணக்குப் பாக்கது 30 அங்குல வட்டத்துல, அந்த வட்டம் 700 சதுர அங்குலம் சொச்சம். அப்ப வட்டத்துக்குள்ள விழுற ரவைல பதினாலுல ஒண்ணுதான் உயிர் எடத்துல விழும்னு நம்பலாம்.

இப்ப ரவை அளவுக்கு வருவோம், இங்கதான் ஊர்ல உலகத்துல எல்லாரும் தப்பு பண்ணுதாவ. பெரிய ரவைன்னா பலம், பலம்னா சட்டுனு சாவும்னு நெனப்பு. ரவை சைஸுக்கு ஒவ்வொரு பேரு உண்டு, பிரிட்டன் அளவுல ஒரு அவுன்ஸுக்கு எத்தன ரவைன்னு பாருங்க, எண்ணிக்கை கம்மின்னா ரவை பெருசு, எஸ்ஜி வெறும் 8, ஏஏஏ 35, பிபி 70, 1ம் நம்பர் 100, 4ம் நம்பர் 170, 6ம் நம்பர் 270. நம்ம ஊர்த் தோட்டாப் பெட்டிலயும் இதே பேருதான் போட்டிருக்கும், எல்ஜி எஸ்ஜி பிபின்னு, அய்யா பெட்டில பாத்து சின்ன வயசுலருந்து பழக்கம். நரிக்கு அங்க சாதாரணமா எடுக்கது 36 கிராம் தோட்டா, அதுல எஸ்ஜின்னா பத்து ரவை, ஏஏஏன்னா 44, பிபின்னா 89, 1ம் நம்பர்னா 127 வாக்குல இருக்கும்.

சோக்குங்கறது ரவை ரொம்ப விரியாம இருக்க குழல் வாய இறுக்குறது. ஃபுல் சோக் போட்ட குழல்ல 40 கஜத்துல நூத்துக்கு 70 ரவை அந்த வட்டத்துக்குள்ள விழும்ங்கறது பழைய கணக்கு. அப்ப எஸ்ஜில ஏழு ரவை வட்டத்துக்குள்ள, உயிர் எடத்துல விழுறது அரை ரவை, அதாவது ரெண்டு வாட்டி சுட்டா ஒரு வாட்டி ஒரே ஒரு ரவை படும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தா. ஏஏஏல ரெண்டு ரவை. பிபில நாலு. இதே 30 கஜம்னா ஃபுல் சோக்குல கிட்டத்தட்ட எல்லா ரவையுமே வட்டத்துக்குள்ள வந்துரும், ஏஏஏல மூணு, பிபில ஆறு, 1ம் நம்பர்ல ஒம்பது. 25 கஜம்னா வட்டம் இன்னும் சுருங்கி இதவிட நல்லாருக்கும். இந்தக் கணக்கு சராசரிதான், நடுவுல நெருக்கமாவும் ஓரத்துல எடைவெளி விட்டும் விழும், ஆனா 40 கஜத்துல எஸ்ஜிய வச்சு நரியச் சுடுறவன் என்ன செய்யுதான்னு இதுலயே தெரிஞ்சிரும். ஒத்த ரவை வயித்துல வாங்கிக்கிட்டு அது ஓடிரும், சுட்டவன் தப்பிச்சிட்டுன்னு நெனைப்பான், அது புதருக்குள்ள மூணு நாள் கெடந்து சாவும்.

சின்ன ரவைலயும் இதே கொடுமை வேற வழில வரும். 6ம் நம்பர் பறவைக்கு உள்ளது, அவுன்ஸுக்கு 270 ரவை, வட்டம் முழுக்க ரவையா இருக்கும், நரி மேல இருவது முப்பது படும், ஆனா குளிர்கால ரோமத்தையும் தோலையும் தாண்டி உள்ள எறங்க அதுகிட்ட வேகம் இருக்காது. தோலுக்குக் கீழ நின்னு சீழ் வைக்கும். ரொம்ப கிட்டக்க, பத்து பன்னெண்டு கஜத்துல எதுவும் கொல்லும், ஆனா அந்த தூரத்த நம்பி தோட்டா எடுக்கக்கூடாது. களிமண் தட்டுச் சுடுற 7½ம் நம்பர் பாக்கெட்ல கெடந்துச்சுன்னு எடுத்துப் போட்டுறக்கூடாதுன்னு அவன்கிட்ட ரெண்டு வாட்டி சொன்னேன், ஏன்னா அந்தப் பண்ணைக்காரருக்கு தட்டுச் சுடுற பழக்கம் உண்டாம், கோட்டுப் பைல அதுதான் கெடக்கும்.

அதனால என்னோட முடிவு, பன்னெண்டு போர், 36 கிராம், பிபி. கூட்டுக்கிட்ட 25 கஜத்துக்குள்ளதான் வரும்னா 1ம் நம்பர் போதும், அதுவும் ரொம்ப நல்ல தோட்டா. ஏஏஏவும் அங்க நெறையப் பேரு நரிக்கு எடுக்காவ, மான் பயிர அழிக்கும்போது நெலத்துக்காரர் ஷாட்கன்னால சுடலாம்னு சொல்லுற சட்டத்துலயே ரவை 5.16 மில்லிமீட்டராவது இருக்கணும்னு அளவு போட்டிருக்கு, அதுதான் ஏஏஏ, அப்ப பலத்துல குறை சொல்ல முடியாது. எனக்கு அதுல உள்ள வருத்தம் எண்ணிக்கைதான். 44 ரவைய ஒரு குழல் அழகா விரிக்கும், இன்னொரு குழல் நடுவுல ஓட்டை விட்டு விரிக்கும், அந்த ஓட்டைல நரி நின்னுதுன்னா? அந்தத் துப்பாக்கில சுட்டுப் பாத்து ஏஏஏ ஒழுங்கா விழுதுன்னு கண்ணால பாத்தா எடுக்கலாம்.

பன்னெண்ட விடக் குழல் சின்னதான இருவது போர் சின்னப் பிள்ளைங்களுக்கும் மெலிஞ்ச ஆளுங்களுக்கும் தோதுதான், ஆனா அதுல போடுற ரவை கம்மி, எல்லைய 20, 22 கஜமாக் குறைச்சுக்கிடணும். .410ங்கற குட்டித் துப்பாக்கிய நரிக்கு எடுக்கவே கூடாது.

துப்பாக்கி எதுன்னா, ரெண்டு தோட்டா உள்ள எதுவும் சரி. ஒத்தைக்குழல் எனக்கு மனசு ஒப்பல. எங்க அய்யா வச்சிருந்தது ஒத்தைக்குழல்தான், பன்னி வெரட்ட வானத்தப் பாத்து ஒரு வெடி போட்டா வேலை முடிஞ்சுது, அதுக்கு அது போதும். உயிர எடுக்கப்போறோம்னா மொத வெடில விழாட்டா அந்தக் கணமே ரெண்டாவது வெடி போடணும், தோட்டாவ மாத்திக்கிட்டு நிக்க நேரம் இருக்காது. பக்கத்துக்குப் பக்கம் குழல் உள்ள ரெட்டைக்குழலும் நல்லது, மேலும் கீழும் உள்ளதும் நல்லது. பழைய ரெட்டைக்குழல்ல வலது குழல் அகலமா விரிக்கும், எடது குழல் இறுக்கமா விரிக்கும், ரெண்டு ட்ரிகர் இருக்கும், கிட்டக்க நின்னா வலது, கொஞ்சம் தள்ளி நின்னா எடதுன்னு அந்தக் கணத்துல எடுத்துக்கிடலாம், அது ஒரு வசதி. அடுத்த தோட்டா தானா ஏறுற செமி ஆட்டோல மூணு வெடி கிடைக்கும், உள்ள ரெண்டும் குழல்ல ஒண்ணும், அதுக்கு மேல பிடிக்கிற மேகசின், அதான் தோட்டா அடுக்குற அறை, இருந்தா அங்க சாதாரண ஷாட்கன் சர்டிபிகேட் செல்லாது, ரைபிளுக்கு உள்ள லைசன்ஸே வேணும்.

எடை முக்கியம். லேசான துப்பாக்கில கனத்த தோட்டா போட்டா தோள் கிழிஞ்சு போவும், ரெண்டு வெடிக்கு அப்புறம் ட்ரிகர் அமுக்கும்போதே கண்ணு தானா மூடும், குழல் தானா எறங்கும். அப்படிக் கண்ண மூடிச் சுடுற வெடிலதான் நரிக்குக் கால் ஒடியும். ஏழு ஏழரை பவுண்டு எடை உள்ளதா எடு, 50 கிராம் மேக்னம் தோட்டா எல்லாம் வேண்டாம். தோட்டா நீளத்தையும் பாக்கணும், குழல்ல 70ன்னு அடிச்சிருந்தா 70 மில்லிமீட்டர் வரைக்கும்தான், 76 உள்ளத அதுல போட்டா உள்ள போயிரும், மூடியும் மூடிரும், அதுதான் ஆபத்து, வெடிக்கும்போது தோட்டா வாய் விரிய எடம் இல்லாம அழுத்தம் எகிறும். பழைய துப்பாக்கி 65ஆக்கூட இருக்கும்.

ஈயத்தப் பத்தியும் சொல்லணும். ஈய ரவைய நிறுத்தப்போறோம்னு பிரிட்டன் அரசாங்கம் 2025ல அறிவிச்சிட்டு, மூணு வருஷம் அவகாசம். தண்ணிப் பறவைக்கும் குறிப்பிட்ட சில ஈரநெலத்துக்கும் இங்கிலாந்துல 1999லயே நிறுத்திட்டாங்க. நல்ல காரியம்தான், நம்ம கூந்தன்குளத்துக்கு வர நாமக்கோழியும் வாத்தும் சேத்துக்குள்ள மூக்க விட்டுத் தேடித் திங்கிறத பாத்தவங்களுக்கு ஈயம் அந்தச் சேத்துல கெடந்தா என்ன ஆவும்னு சொல்ல வேண்டியதில்ல. ஆனா நரிக்கு இனிமே ஸ்டீல் ரவைன்னு மாறும்போது கணக்கும் மாறும். ஈயத்தோட அடர்த்தி 11.3, ஸ்டீலு 7.8தான், அதே அளவு ரவைன்னா எடை கம்மி, சீக்கிரம் வேகம் போயிரும். அதனால ரெண்டு சைஸ் பெரிய ரவை எடுக்கணும், ஈயத்துல 1ம் நம்பர் எடுத்த எடத்துல ஸ்டீல்ல பிபி, எல்லையையும் குறைச்சுக்கிடணும், நான்னா 25 கஜத்தோட நிறுத்திருவேன். அதுபோக 4 மில்லிமீட்டருக்கு மேல உள்ள ஸ்டீல் ரவைய ஹாஃப் சோக்குக்கு மேல இறுக்கமான குழல்ல சுடக்கூடாது, குழல் வீங்கிரும். பவர் கூடின ஸ்டீல் தோட்டான்னா குழல்ல லில்லிப்பூ முத்திரை இருக்கான்னு பாத்துட்டுத்தான் போடணும். ஸ்டீல் கல்லுல பட்டா தெறிச்சுத் திரும்பும், ஈயத்தவிட இது ரொம்ப மோசம், வேல்ஸ்ல எங்க பாத்தாலும் கல்லுச் சுவருங்கான். பிஸ்மத், டங்ஸ்டன்னு வேற உலோக ரவை எல்லாம் இருக்கு, நல்லாவும் இருக்கும், வெலைதான் எட்டாது, ஆனா ஒரு நரிக்கு ஒண்ணோ ரெண்டோ தோட்டாதான ஆவப்போவுது, அதுல காசு பாக்க வேண்டாம்னு சொன்னேன்.

இவ்வளவும் பேப்பர்க் கணக்கு. அந்தத் துப்பாக்கியும் அந்தத் தோட்டாவும் சேந்து என்ன செய்யும்னு சுட்டுப் பாத்தாத்தான் தெரியும், ஒரே கம்பெனி ரெண்டு தோட்டா ஒரே குழல்ல ரெண்டு விதமா விரிக்கும். பெரிய அட்டைப் பெட்டியப் பிரிச்சு விரிச்சு, அதுல நரி உருவத்த அது சைஸுக்கே வரையச் சொன்னேன், ரோமத்த விட்டுட்டு உடம்ப மட்டும், உள்ள தலை கழுத்து நெஞ்ச மட்டும் செவப்புல நெரப்பி. 20 கஜம், 25, 30, 35னு ஒவ்வொண்ணுலயும் புது அட்டை வச்சுச் சுட்டு செவப்புக்குள்ள எத்தன ஓட்டைன்னு எண்ணணும். ஒரு தூரத்துக்கு ஒரு வெடி போதாது, அஞ்சாறு வெடி போட்டு அதுல ஆக மோசமான அட்டை எதுவோ அதத்தான் கணக்குல எடுக்கணும். நல்லா வந்தத எடுத்துக்கிட்டு சந்தோசப்படக்கூடாது, நரி என்னைக்கு நல்ல வெடிய வாங்கும், என்னைக்கு மோசமானத வாங்கும்னு யாருக்குத் தெரியும். மோசமான அட்டைலயும் நாலு ஓட்டை எந்த தூரத்துல விழுதோ அதுதான் உன் எல்லை. அது 30ஆ இருந்தாலும் சரி, 22ஆ இருந்தாலும் சரி. சோக்க மாத்தி மாத்தியும் பாக்கணும், பெரிய ரவை ஃபுல் சோக்க விட ஹாஃப்லயும் முக்காலுலயும் சில குழல்ல ஒழுங்கா விழும்.

அப்புறம் அந்தத் தூரத்த நெலத்துல அடையாளம் வைக்கணும். ராத்திரில லைட் வெளிச்சத்துல 30 கஜமும் 50 கஜமும் ஒண்ணு போலத்தான் தெரியும், எவ்வளவு அனுபவசாலியா இருந்தாலும் ஏமாந்துருவான். காத்து நிக்கப்போற எடத்துலருந்து பகல்லயே அளந்து, சுண்ணாம்படிச்ச கல்ல நாலு பக்கமும் போட்டுரணும். கல்லுக்கு அங்கிட்டு நின்னா அது வரட்டும்னு காத்திருக்கணும், வராட்டா போகட்டும்.

எப்ப சுடணும்ங்கறதும் இருக்கு. பக்கவாட்டுல நிக்கும்போது, இல்ல மெதுவா நடக்கும்போது. குறிய ஒடம்பு நடுவுல வைக்காம முன்னங்காலுக்கு முன்னாடி, கழுத்துப் பக்கமா வைக்கணும், அப்பத்தான் விரிஞ்ச ரவை தலையையும் நெஞ்சையும் மூடும், நடுவுல வச்சா பாதி ரவை வயித்துக்குப் போவும், வயித்துல வாங்குன நரி சாவ ரொம்ப நேரம் எடுக்கும். வாலக் காட்டிக்கிட்டு ஓடுற நரியச் சுடவே கூடாது, அதுல உயிர் எடம் எதுவுமே நமக்கு நேரா இல்ல. விழுந்தாலும் துப்பாக்கிய எறக்காம பாத்துக்கிட்டே கிட்டக்கப் போவணும், அசைவு இருந்தா யோசிக்காம ரெண்டாவத போடணும். கண்ணத் தொட்டுப் பாத்து இமை அசையாட்டாத்தான் செத்துட்டுன்னு அர்த்தம், அதையும் கையால தொடாம கம்பால. அவன் கால்நடை டாக்டரு, இத அவனுக்குச் சொல்ல வேண்டியதில்ல, பண்ணைக்காரர்கிட்ட சொல்லச் சொன்னேன்.

லைட்ல கண்ணு மினுங்குறத மட்டும் பாத்துச் சுடக்கூடாதுங்கறத எழுதியே அனுப்பினேன். பூனைக்கும் மினுங்கும், பக்கத்துப் பண்ணை நாய்க்கும் மினுங்கும், ஆட்டுக்கும் மினுங்கும். பேட்ஜர்னு வளைக்கரடி மாதிரி ஒண்ணு அங்க உண்டு, அதுக்கு 1992ல தனிச் சட்டமே போட்டுப் பாதுகாக்காங்க. முழு உருவமும் தெரியணும், அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னும் தெரியணும், ஏஏஏ ரவை 400 கஜத்துக்கு மேலயும் போய் விழும், நரிய அடிக்க ஒதவாத தூரத்துலயும் ஒரு மனுசன் கண்ணக் கெடுக்க அது போதும்.

கடைசியா அவன் கேட்டது எந்த மாசம்னு. இத நான் ரொம்ப நேரம் பேசுனேன். அங்க நரி மார்ச் ஏப்ரல்ல குட்டி போடும், ஆடும் அதே சமயம்தான் குட்டி போடும், அதனாலதான் தாய் நரி அலைஞ்சு திரிஞ்சு ஆட்டுக்குட்டியத் தூக்குது. அந்த மாசத்துல தாயச் சுட்டா பொந்துக்குள்ள இருக்க குட்டிங்க பாலில்லாம பட்டினில சாவும், நீ எவ்வளவு சுத்தமா ஒரே வெடில சுட்டிருந்தாலும் நாலு குட்டிய அணு அணுவாக் கொன்னதாத்தான் ஆவும். அப்படி தப்பித் தவறிச் சுட்டு, காம்புல பால் இருக்கத பாத்தா, பொந்தத் தேடிக் கண்டுபிடிச்சு அந்தக் குட்டிங்களுக்கும் ஒரு முடிவு பண்ணாம வீட்டுக்கு வரக்கூடாது, அது அங்க உள்ள நல்ல வேட்டைக்காரங்களே வச்சிருக்க ஒழுங்கு. அதுக்குப் பதிலா ஜனவரி பிப்ரவரில, குட்டி போடுறதுக்கு முன்னாடியே, உண்மையிலயே பண்ணையச் சுத்தி வர நரி எதுன்னு பாத்து அத மட்டும் முடிக்கணும். மார்ச்சுக்கு அப்புறம் குட்டி போடுற ஆட்ட ராத்திரி தொழுவத்துக்குள்ள அடைச்சு, வெளிய நிக்கதுக்கு கரண்டு வலை போட்டு, செத்துப் பிறந்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வயல்ல விடாம உடனுக்குடனே எடுத்துரணும், அந்த வாடைதான் நரிய உள்ள இழுக்குது. அதோட, காலைல செத்துக் கெடக்க குட்டி எல்லாத்தையும் நரி தலைல போடாம ஒண்ணு ரெண்டையாவது அறுத்துப் பாருன்னும் சொன்னேன், நுரையீரல் தண்ணில மிதக்காட்டா அது மூச்சே விடாம பிறந்தது, வயித்துல பால் இல்லாட்டா குளிருலயும் பசிலயும் போனது, நரி அப்புறம் வந்து இழுத்துருக்கும். இந்த வாரம் அவன் ரெண்டு குட்டிய அறுத்துப் பாக்கப்போறானாம், பாத்துட்டு போட்டோ அனுப்புதேன்னான்.